புழுவின் கண் ஏன் தெளியவில்லை? குளோசப் படத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில், பொது நடைபாதையை ஒட்டி, அம்மா வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி ஒன்று தொட்டியில் நிற்கிறது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சி அதைத் தேடி மூன்றாம் மாடிக்கே வந்து முட்டையிடும். பொரிந்து வரும் சின்னப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு தளதளவென்று பச்சையாகிவிடும். முன்பெல்லாம் அம்மா புழுவைக் கண்டால் கிள்ளி எறிந்துவிடுவார். இப்போது, "தம்பி, புழு வந்திருக்குடா, கேமராவ எடுத்துட்டு வா" என்று அவரே கூப்பிடுகிறார். நான் குளோசப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டது இந்த ஒரு செடியில்தான். கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேயே எனக்கு நேர்ந்தவை.

படம் சரியாக வராவிட்டால் கேமராக் கடைகள் இருக்கும் பெனின்சுலா பிளாசா பக்கம் போய் அடுத்த லென்ஸை விலை கேட்கத்தான் பலருக்கும் கை பரபரக்கும். அதற்கு முன் கெட்டுப்போன படத்தையே திறந்து வைத்துப் பாருங்கள். என்ன தவறு என்பது அதில் பதிவாகியிருக்கும்.

முதல் சோதனை: எதுவாவது தெளிவாக இருக்கிறதா?

படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள்.

நீங்கள் நினைத்த இடம் மங்கலாக இருந்து, இலை நரம்போ முதுகு மயிரோ வேறெங்கோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே தெளிவு இல்லாமல், விளிம்புகள் ஒரே திசையில் இழுபட்டோ இரட்டையாகவோ தெரிந்தால் அசைவு. எந்தத் திசையிலும் இழுபடாமல் படம் முழுக்க லேசாகக் குழைந்திருந்தால் அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கிறீர்கள். வெளிச்சமே பால் ஊற்றியது போல வெளுத்துத் தெரிந்தால் லென்ஸின் கண்ணாடியைப் பாருங்கள். இந்த நான்கையும் பிரித்தறியாமல் பரிகாரம் தேடினால் ஒரு பிழையை இன்னொன்றாக மாற்றிக்கொண்டே இருப்போம். நான் ஓராண்டு அப்படித்தான் கழித்தேன். ஃபோகஸ் தவறிய படங்களை அசைவு என்று நினைத்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றிக்கொண்டே போனேன்.

அறிகுறி: கண் மங்கல், முதுகு மட்டும் தெளிவு

இதுதான் எல்லோருக்கும் வரும் முதல் பிழை. காரணத்தை எண்ணாகப் பார்த்தால் மனம் ஆறும். பொருளின் நிஜ அளவே சென்சாரில் (கேமராவில் படம் பதியும் சில்லில்) விழும் நிலையை 1:1 என்கிறோம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 1:1இல் அபர்ச்சரை எஃப் 8 (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதே எஃப் 8இல் 2:1க்கு, அதாவது இரு மடங்குப் பெருக்கத்துக்குப் போனால் அது சுமார் 0.36 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். புழுவின் தலை அதைவிடத் தடிமன். நாம் மூச்சு விடும்போது உடல் அசைவது அதைவிடப் பல மடங்கு.

அதனால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கண்ணைத் தேடுவதை விட்டுவிடுங்கள். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, வேண்டிய பெருக்கத்துக்கு வளையத்தை ஒருமுறை வைத்துவிட்டு, உடம்பையே மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துக் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். சாயும்போதே மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது கண்ணில் விழும்.

எனக்குப் பெரிய மாற்றம் தந்தது ஒரு சின்னப் பிடி. இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பூச்சி இருக்கும் குச்சியையோ இலைக்காம்பையோ பிடித்துக்கொண்டு, லென்ஸின் முனையை அதே கையின் மேல் சாய்த்து வைக்க வேண்டும். இப்போது இலையும் லென்ஸும் ஒரே கையில் இருக்கின்றன. காற்று அடித்தால் இரண்டும் சேர்ந்து ஆடும், இடைவெளி மாறாது. முக்காலியை மூன்று மாதம் தூக்கிச் சுமந்தபோது கிடைக்காத தெளிவு இந்தப் பிடியில் முதல் நாளே கிடைத்தது. காட்டில் எதையும் தொடுமுன் அங்கே முசுறு எறும்போ, மயிருள்ள புழுவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, கோணம். புழுவின் பக்கவாட்டு முழுவதும் தெளிய வேண்டுமென்றால் கேமராவின் பின்புறம் அதன் உடலுக்கு இணையாக இருக்க வேண்டும். பத்து டிகிரி விலகினாலும் தலையோ வாலோ போய்விடும். முகத்துக்கு நேராக எடுத்தால் கண் மட்டும் தெளிந்தால் போதும், மற்றவை கரைவதே அழகு. குதிக்கும் சிலந்திக்கு இது பொருந்தும். அதன் முன்பக்கத்துப் பெரிய இரு கண்களும் ஒரே தளத்தில் இருப்பதால் நேர் முகம் எளிது. சிங்கப்பூரில் சண்டைச் சிலந்தியைத் தீப்பெட்டிக்குள் வளர்த்து விளையாடிய தலைமுறையினர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நல்ல படத்தைக் காட்டினால் அது எந்தச் செடியில், எப்படிப்பட்ட இலை மடிப்பில் இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தருவார்கள்.

அறிகுறி: எல்லாமே இழுபட்டிருக்கிறது

பெருக்கம் கூடினால் அசைவும் அதே அளவில் பெருகும். 1:1இல் இலை அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் சென்சாரிலும் அரை மில்லிமீட்டர் நகரும். பகல் வெளிச்சத்தில் கையில் பிடித்து 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்று நம்பி இராதீர்கள். தொலைவில் இருப்பதை எடுக்கும்போது கேமரா சாய்வதுதான் கெடுக்கும். இவ்வளவு நெருக்கத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்வதும் அதே அளவு கெடுக்கும். அந்த நகர்வையும் சேர்த்துச் சரிசெய்யும் முறை கேனனின் 100 மி.மீ. எல் வகை மேக்ரோ (குளோசப்) லென்ஸில் 2009இல்தான் வந்தது. அதுவும் 1:1க்கு நெருங்க நெருங்கப் பலன் குறையும்.

உறுதியான வழி ஃபிளாஷ். அதன் சக்தியை 1/16 அல்லது அதற்குக் கீழே இறக்கினால் ஒளி சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் மின்னி முடிந்துவிடும். அசைவை உறைய வைப்பது ஷட்டர் வேகத்தைவிட அந்த மின்னல்தான். ஷட்டரை 1/200, அபர்ச்சரை எஃப் 8 முதல் 11, ஐஎஸ்ஓவை 200 என்று தொடங்குங்கள். ஃபிளாஷ் வைத்தும் ஒரு தெளிவான உருவத்தைச் சுற்றி மங்கலான நிழலுரு தெரிந்தால், பின்னணிப் பகல் வெளிச்சமும் சேர்ந்து பதிகிறது. ஐஎஸ்ஓவைக் குறையுங்கள்.

அறிகுறி: ஃபோகஸ் சரி, அசைவில்லை, ஆனாலும் கூர்மை இல்லை

ஆழம் போதவில்லை என்று அபர்ச்சரை எஃப் 22, 32 என்று மூடியிருப்பீர்கள். சிறு துளை வழியே வரும் ஒளி விரிந்து பரவுவதால் ஒவ்வொரு புள்ளியும் சின்ன வட்டாக விழுகிறது. மேக்ரோவில் இது இரட்டிப்பாகக் கடிக்கும். 1:1இல் எஃப் 8 என்று வைத்தது உண்மையில் எஃப் 16 போலவும், எஃப் 22 என்று வைத்தது எஃப் 44 போலவும் நடந்துகொள்ளும். நிக்கான் கேமராக்கள் தங்கள் மேக்ரோ லென்ஸ்களில் இந்த மாறிய எண்ணையே காட்டும். கேனன் காட்டாது. இரண்டையும் பயன்படுத்தும் நண்பர்கள் எண்களை ஒப்பிட்டுக் குழம்புவது இதனால்தான்.

1:1இல் எஃப் 8 முதல் 11, அதற்கு மேல் பெருக்கினால் எஃப் 5.6 முதல் 8. இதைத் தாண்டாதீர்கள். ஆழம் இன்னும் வேண்டுமென்றால் அதற்குப் படங்களை அடுக்கும் முறை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நீங்கள் நிற்பது 1:1தானா என்று தெரியவில்லையா? சிங்கப்பூரின் மூன்றாம் வரிசை ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை எடுத்துப் படம் பிடியுங்கள். அதன் விட்டம் 24.65 மி.மீ., ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. நாணயத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மயிரிழை வெட்டுப்பட்டால் நீங்கள் 1:1இல் இருக்கிறீர்கள். சிறிய சென்சார் என்றால் பள்ளி அடிக்கோலை எடுத்து, படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணி, அதை உங்கள் சென்சாரின் அகலத்தோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: எவ்வளவு நெருங்கினாலும் ஃபோகஸ் பிடிக்கவே இல்லை

கையில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) என்றால் கணக்கு எளிது. டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் அது கூட்டித் தரும் பெருக்கம் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. டியூப் அரை மடங்கைக் கூட்டும். இதையே 24 மி.மீ. அகலக் கோண லென்ஸில் 36 மி.மீ. டியூபாக மாட்டினால் தெளியும் புள்ளி லென்ஸின் கண்ணாடிக்குள்ளேயே போய்விடும். எவ்வளவு முயன்றாலும் வராது. டியூபைக் குறையுங்கள், அல்லது நீண்ட லென்ஸுக்கு மாறுங்கள். டியூப் போட்டபின் தூரத்துக் கட்டடம் தெரியவில்லையே என்று பயப்படவும் வேண்டாம், அது இயல்பு.

லென்ஸின் முன்னால் மாட்டும் குளோசப் கண்ணாடி என்றால் தூரம் ஏறக்குறைய நிலையானது. ரேனாக்ஸ் டிசிஆர்-250 எட்டு டயாப்டர் சக்தி கொண்டது. அதாவது பொருளிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டரில் நின்றால்தான் தெளியும். முப்பது சென்டிமீட்டரிலும் வராது, நான்கிலும் வராது. புதிதாக வாங்கியவர்கள் பழுதென்று திருப்பிக் கொடுப்பது இதை அறியாமல்தான். 200 மி.மீ. லென்ஸை முடிவிலியில் வைத்து இதை மாட்டினால் 1.6 மடங்கு கிடைக்கும். ஏற்கெனவே தொலைநோக்கு ஜூம் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

பெருக்கம் கூட்டுவதற்காக முன்பின்னாகத் திருப்பி மாட்டிய லென்ஸில் எல்லாம் இருட்டாகத் தெரிந்தால் அபர்ச்சர் மூடிக் கிடக்கிறது, எப்போதும் திறந்தே கிடந்தால் ஆழமே கிடைக்காது. அபர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. வளையமில்லாத கேனன் இஎஃப் லென்ஸில், முதலில் நேராக மாட்டி எஃப் 8 வைத்து, ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் துளை அதே அளவில் நின்றுவிடும்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு: நெருங்கியதும் திரை சட்டென்று துள்ளிக் காட்சி மாறினால் கைபேசி அகலக் கோண கேமராவுக்குத் தாவியிருக்கிறது. ஐபோன் 13 புரோவில் (2021) அது 2 சென்டிமீட்டர் வரை நெருங்கும். அந்த நெருக்கத்தில் கைபேசியின் நிழலே பூச்சியை மறைக்கும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி நில்லுங்கள்.

அறிகுறி: நான்கு மூலையும் கறுப்பு

குளோசப் கண்ணாடியை அகலமான ஜூமில் மாட்டியிருப்பீர்கள். 100 மி.மீ.க்கு மேல் ஜூம் செய்தால் மறையும்.

அறிகுறி: படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டை, அல்லது கோடு கோடாக

கறுப்புப் பட்டை என்றால் ஃபிளாஷுக்கு ஒத்துப்போகும் வேகத்தை மீறியிருக்கிறீர்கள், 1/200க்கு இறக்குங்கள். ஃபிளாஷே மின்னவில்லை என்றால் கேமரா சத்தமில்லா ஷட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கேமராக்களில் அந்த நிலையில் ஃபிளாஷ் வேலை செய்யாது.

வெளிச்சமும் இருளும் மாறி மாறிக் கோடுகளாக விழுந்தால் அது நடைபாதை விளக்கின் துடிப்பு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கலாம். சாதாரண ஷட்டருக்கு மாறி 1/50 அல்லது 1/100 வையுங்கள்.

அறிகுறி: பூச்சி நன்றாக இருக்கிறது, பின்னால் நள்ளிரவு

பட்டப்பகல் பதினொரு மணிக்கு எடுத்த படத்திலும் இது வரும். ஃபிளாஷ் பூச்சிக்கு 10 சென்டிமீட்டரிலும், பின்னால் உள்ள இலைக்கு 30 சென்டிமீட்டரிலும் இருந்தால் அந்த இலைக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு ஒளிதான். பின்னணி ஒரு மீட்டர் தள்ளியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

மூன்று வழி உண்டு. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் இலை இருக்கும்படி கோணத்தை மாற்றுவது எல்லாவற்றிலும் சிறந்தது. தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலையை நண்பர் பின்னால் பிடித்தாலும் போதும். அல்லது ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றி ஷட்டரை 1/60க்கு இறக்கிப் பகல் வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அசைவு திரும்பி வரும். மூன்றாவது, கறுப்பையே விரும்பி ஏற்பது. மெலிந்த ஊசித்தும்பிக்கு அது எடுப்பாக இருக்கும். கருவண்டுக்கு ஒத்துவராது, விளிம்பு இருளில் கரைந்துவிடும்.

அறிகுறி: முதுகில் வெள்ளைப் பொட்டு, ஒளி குத்துகிறது

என் அனுபவத்தில் ஒரு குளோசப் படத்தைத் தூக்குவதும் கெடுப்பதும் இதுதான், லென்ஸுக்கு இதில் பங்கே இல்லை. வண்டின் ஓடும், எறும்பின் தலையும் சின்னக் கண்ணாடிகள். அவை ஒளி மூலத்தை அப்படியே பிரதிபலிக்கும். மூலம் சிறியதாக இருந்தால் பிரதிபலிப்பு சுட்டெரிக்கும் பொட்டு. மூலம் பூச்சியைவிடப் பல மடங்கு பெரியதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் அதே பிரதிபலிப்பு மென்மையான பளபளப்பு.

எனவே டிஃபியூசரை (ஃபிளாஷ் ஒளியைப் பரப்பும் தடுப்பை) பெரிதாக்கி, லென்ஸின் முனை வரை கொண்டுவாருங்கள். மின்சாதனப் பெட்டிகளில் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள், பால் பாட்டிலின் வெள்ளை பிளாஸ்டிக், டிரேசிங் தாள் எல்லாமே உதவும். நான் பயன்படுத்துவது இரண்டு அடுக்கு. ஃபிளாஷின் முகத்தில் ஒரு தாள், அதிலிருந்து நான்கு விரல் தள்ளி லென்ஸின் மேல் கூரைபோல வளைத்த நுரைத்தாள். முதல் அடுக்கு ஒளியைப் பரப்புகிறது, இரண்டாவது அதைச் சமமாக்குகிறது. ஒற்றை அடுக்கில் நடுவில் மட்டும் ஒளி குவிந்து வெள்ளைப் பொட்டு திரும்ப வரும்.

சரிபார்க்கப் பூச்சி தேவையில்லை. எவர்சில்வர் கரண்டியின் குழிந்த பக்கத்தைக் கவிழ்த்து, மேடான முதுகைப் படம் எடுங்கள். அதில் தெரியும் வெள்ளை வடிவம் எவ்வளவு பெரிதாக, விளிம்பு எவ்வளவு மெல்லக் கரைகிறது என்று பாருங்கள். வண்டின் முதுகிலும் அதுவேதான் விழப்போகிறது. கரண்டியில் சரியாகும் வரை நான் காட்டுக்குப் போவதில்லை.

அறிகுறி: படம் முழுக்கப் பனிமூட்டம்

குளிரூட்டிய அறையிலிருந்தோ எம்ஆர்டி ரயிலிலிருந்தோ நேரே வெளியே வந்து லென்ஸ் மூடியைத் திறந்தீர்களா? இங்கே விடியற்காலையில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். 22 டிகிரியில் குளிர்ந்திருந்த கண்ணாடியில் அந்த ஈரம் உடனே படிந்துவிடும். துடைத்தால் மீண்டும் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே, ஜிப்பை மூடியபடி, இருபது முப்பது நிமிடம் வெளிச் சூட்டுக்குப் பழக விடுங்கள். நான் போகும் நாளில் முதல் நாள் இரவே பையைக் குளிரூட்டி இல்லாத வரவேற்பறையில் வைத்துவிடுகிறேன். ஈரம் படிந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள்.

வெளிச் சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தும் மூட்டம் போகவில்லை என்றால் காளானாக (பூஞ்சையாக) இருக்கலாம். லென்ஸை இருட்டில் வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். காளான் என்றால் சிலந்தி நூல் போலக் கிளைத்த இழைகள் தெரியும். நான் பழைய லென்ஸ் ஒன்றை இந்தச் சோதனை செய்யாமல், கடை வெளிச்சத்தில் பளபளப்பதை மட்டும் பார்த்து 180 வெள்ளிக்கு வாங்கினேன். அதில் எடுத்த ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியும் சாம்பல் பூசியது போல வந்தது. இப்போது டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் பார்க்கப் போவதே இல்லை.

ஆரம்ப நிலைக் காளானைப் பழுதுபார்ப்பவர் சுத்தம் செய்துவிடுவார். கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டால் தழும்பு போகாது. தடுக்க டிரை கேபினெட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில்) 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். இடமில்லையா, காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரமானியும் போதும். ஜெல் நிறம் மாறியதும் மாற்ற மறக்காதீர்கள். ஊர்ப் பயணத்துக்கு ஒரு மாதம் போகும்போது பையில் மூடிவைத்த லென்ஸுகளில்தான் காளான் அதிகம் வருகிறது.

அறிகுறி: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

சென்சாரில் தூசி. டியூபை அடிக்கடி மாற்றுவோருக்கு வரும். வெள்ளைச் சுவரை எஃப் 16இல் எடுத்துப் பார்த்து, ஊதுபந்தால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள்.

அறிகுறி: அடுக்கிய படத்தில் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம், இரண்டு மீசை

ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும்போது வருவது. முதலில் இடைவெளியைப் பாருங்கள். தெளிவான பட்டைகளுக்கு நடுவே மங்கலான பட்டை வந்தால் அடி பெரிதாகிவிட்டது. 1:1இல் எஃப் 8 என்றால் அரை மில்லிமீட்டர் அடி வைத்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 8 மி.மீ. ஆழத்துக்குப் பதினாறு பதினேழு படங்கள்.

இரண்டு மீசை தெரிந்தால் நடுவில் பூச்சி அசைந்திருக்கிறது. அந்த ஓரிரு படங்களை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். மயிர்களைச் சுற்றி ஒளிவட்டமோ குழப்பமோ வந்தால் மென்பொருளின் முறையை மாற்றுங்கள். சீரீன் ஸ்டாக்கரில் பிமேக்ஸ் முறை குறுக்கும் நெடுக்குமான மயிர்களை நன்றாகக் கையாளும், ஆனால் புள்ளியிரைச்சலைக் கூட்டும். டிமேப் முறை வழுவழுப்பான பரப்பையும் நிறத்தையும் காக்கும். ஹெலிகான் ஃபோகஸில் இவற்றுக்கு நிகர் சி, பி முறைகள். உயிருள்ள பூச்சிக்கு இதெல்லாம் அபூர்வமாகவே கைகூடும். தேக்காவில் வாங்கிய மல்லிகை மொட்டு, வெற்றிலை நரம்பு, அம்மாவின் மூக்குத்திக் கல் ஆகியவற்றில் பழகுங்கள். மொட்டில் தண்ணீர் தெளித்துப் பழகினால் தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

அறிகுறி: கேமராவைத் தூக்கியதும் பறந்துவிடுகிறது

வெளிநாட்டுக் காணொளிகள், விடியற்குளிரில் பூச்சிகள் விறைத்து அசையாமல் இருக்கும் என்று சொல்லித்தரும். நம் ஊரில் இரவும் 24, 25 டிகிரிதான், அந்த விறைப்பு இங்கே கிடைக்காது. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை போவது காற்று அடங்கியிருப்பதற்காக. புக்கிட் தீமா வனப்பகுதி காலை 7 மணிக்குத் திறந்து இரவு 7க்கு மூடுகிறது. முதல் ஆளாக நுழைந்தால் ஓட்டக்காரர்கள் பாதையை அதிரச் செய்வதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். தட்டானுக்குச் சுங்கை பூலோ, வண்ணத்துப்பூச்சிக்கு ஹார்ட்பார்க் பூங்கா என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

நெருங்கும்போது உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது. நேராக நடக்காமல், அதன் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு மீட்டரில் ஒரு படம், அரை மீட்டரில் ஒரு படம் என்று ஃபிளாஷுக்கும் பழக்கிக்கொண்டே போங்கள். தட்டான் பறந்தால் துரத்த வேண்டாம். பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பும், அங்கேயே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். 60 மி.மீ. மேக்ரோவில் எப்போதும் ஓடிவிடுகிறது என்றால், அங்கே மட்டும் வேறு லென்ஸ் கேட்பது நியாயம். 100 மி.மீ.யில் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே 1:1இல் சுமார் 15 சென்டிமீட்டர் கிடைக்கும்.

அசையாமல் இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, பசை தடவுவது எல்லாம் செய்யாதீர்கள். வனப்பகுதியிலிருந்து எதையும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

கறிவேப்பிலைப் புழு ஓடாது. ஆனால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவை போல ஒரு கொம்பு திடீரென்று நீண்டு, அழுகிய புளிப்பு வாடை அடிக்கும். எதிரி என்று நினைத்து உங்களை விரட்டுகிறது. அந்தக் கொம்போடு ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, இலைக்காம்பை மெல்ல விட்டுவிட்டு, உள்ளே போய்விடுங்கள். அரை மணி நேரத்தில் கொம்பை உள்ளிழுத்துக்கொண்டு மறுபடி இலையைத் தின்னத் தொடங்கியிருக்கும்.